தண்டுவட நீரில் நீலப் புள்ளி

"எந்த ஊர் வண்டின்னு சொல்லு, பார்க்கலாம்" என்றாள் சுகாசினி.

வீரபாகு ஒரு கண்ணை இறுக்கி மூடி, இன்னொரு கண்ணை மைக்ராஸ்கோப்பில் பதித்திருந்தான். "நம்பர் பிளேட் இருந்தா சொல்லிடுவேன் மேடம். இங்க எல்லாம் கத்தரிப்பூ கலர்ல ஜவ்வரிசி மாரி மெதந்துக்கினு இருக்குது. பாயசத்தைப் பாத்து ஊரைச் சொல்லுன்னா எப்படி?"

"பிளேட் இருக்கு. உனக்குப் படிக்கத் தெரியலை."

சுகாசினி பதினோரு வருஷம் ஒரு லேபில் இந்த மாதிரிக் கண்ணாடித் துண்டுகளைப் படித்தே சம்பளம் வாங்கியவள். ஒருநாள், 'செல்லுங்க பொய்யே சொல்றதில்லை, போரடிக்குது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். காந்தி ரோட்டில் ஒரு ஜரிகைக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தாள். மாப்பிள்ளை விசாரிப்பது, காணாமல் போன மாமனாரைத் தேடுவது என்று பொய்க்குப் பஞ்சமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வீரபாகு அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் ஊர் எல்லையில் பைக்கோடு நின்று, வெளியூர்க் கார்களைத் துரத்திப் பிடித்து, "பட்டுச் சேலை பாக்கலாம் சார், தறி பாக்கலாம் சார்" என்று நெசவு வீடுகளுக்கு அழைத்துப் போகும் தொழிலில் இருந்தான். கார் வரும்போதே அது எந்த ஊர், உள்ளே இருப்பது கல்யாணப் பார்ட்டியா கோயில் பார்ட்டியா என்று சொல்லிவிடுவான். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சுகாசினி முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தான். அந்தச் சத்தியம் அவ்வப்போது லீவு எடுத்துக்கொள்ளும். போன வெள்ளிக்கிழமை கூட, 'பெரியம்மா தவறிப் போச்சு மேடம்' என்று சொல்லிவிட்டு ஒரு ஹைதராபாத் கல்யாணப் பார்ட்டிக்குத் தறி காட்டப் போயிருந்தான். அந்தப் பெரியம்மா இரண்டு வருஷத்தில் மூன்றாவது முறையாகத் தவறியிருந்தாள்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஏனாத்தூர் சாலை ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில். மேஜைக்கு எதிரே அந்த லேபின் டெக்னீஷியன் பிரவீனா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். விடிந்ததிலிருந்து அழுத முகம்.

"அக்கா, இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு டேனியலை மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறாங்க. ரிமாண்ட் பண்ணிட்டா ரயில்வே வேலை போச்சு. அடுத்த வாரம் போலீஸ் வெரிஃபிகேஷன். நாலு வருஷமா படிச்சான் அக்கா."

டேனியல் அவள் தம்பி. திங்கட்கிழமை காலையில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் பைக்கில் போனான். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளைப் பாவாக நீட்டி வைத்துச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். திருப்பத்தில் கவனிக்காமல் வண்டியை அதன் மேல் விட்டுவிட்டான். நெசவுத் தெருவில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. லோகேஷ் என்ற நெசவாளி ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். டேனியல் உதறித் தள்ளினான். லோகேஷ் கீழே உட்கார்ந்தான், எழுந்தான், நாலு கெட்ட வார்த்தை சொன்னான், வீட்டுக்குப் போனான். சாயங்காலம் வாந்தி எடுத்து மயங்கியவனை இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை இடுப்பில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. தள்ளியதில் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்துவிட்டது என்று லோகேஷின் அப்பா தர்மன் புகார் கொடுத்தார். இன்று விடிகாலை டேனியலைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

"சரி, பாயசத்துக்கு வருவோம்" என்று சுகாசினி வீரபாகுவின் தலையை நகர்த்திவிட்டுத் தானே பார்த்தாள். "மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஓடுற தண்ணி இது. பளிங்கு மாதிரி இருக்கணும். அதுல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் நடமாடலாம். லிம்போசைட், மோனோசைட்னு ரெண்டு வகை. ரத்தத்துலருந்து வந்து சுத்திப் பார்த்துட்டுப் போறவங்க."

"உள்ளூர் பஸ் பாஸ் வெச்சிருக்கிறவங்க."

"நியூட்ரோபில் கும்பலா வந்தா உள்ளே கிருமி புகுந்திருக்கு. ஈசினோபில் கூடினா புழுவான்னு சந்தேகப்படணும்."

"அது கலவரத்துக்கு வர போலீஸ் வேன். அப்புறம்?"

"இதோ ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்குதே, இது அந்தத் தண்ணி ஊறுற அறையோட சுவர்லருந்து உதிர்ந்த செல். வீட்டுச் சொந்தக்காரங்க. பக்கத்துல குண்டா தனியா ஒண்ணு. இது குருத்தெலும்பு. ஊசி போற வழியில இழுத்துக்கிட்டு வந்தது."

"டிக்கெட் எடுக்காம படிக்கட்டுல தொங்கிக்கினு வந்த கேஸு."

"இந்தச் சிவப்பணு இருக்கே, இதுதான் குழப்பம். ஊசி குத்தினதுலயும் வரலாம், உள்ளே ரத்தம் கசிஞ்சும் வரலாம். பிளேட்டை மறைச்ச வண்டி." சுகாசினி அடுத்த கண்ணாடித் துண்டை மாற்றினாள். "இப்போ பாரு. பிரவீனா இதுக்குத் தனிச்சாயம் போட்டிருக்கா."

வீரபாகு பார்த்தான். ஒரு பெரிய தொளதொளத்த செல். அதன் வயிற்றுக்குள் பளிச்சென்று நீலப் புள்ளிகள்.

"யாரு மேடம் இந்தத் தொப்பைக்காரன்?"

"துப்புரவுக்காரன். ரத்தம் சிந்தின இடத்துக்கு வந்து சிவப்பணுக்களை அள்ளி முழுங்குவான். முழுங்கினதை அரைச்சு, அதுல இருக்கிற இரும்பை வயித்துக்குள்ளயே சேர்த்து வெப்பான். அந்த இரும்புதான் சாயத்துல நீலமாத் தெரியுது. சிவப்பணுவை முழுங்க அவனுக்கு ஒரு நாள் போதும். இரும்பாக்கிச் சேர்த்து வெக்க மூணு நாலு நாள் ஆகும்."

வீரபாகு கண்ணை எடுத்தான். விரல்விட்டு எண்ணினான். "திங்கக்கிழமை காலையில தள்ளுனான். செவ்வாக்கிழமை காலையில தண்ணி எடுத்தாங்க. ஒரு நாள்தான் ஆச்சு."

"ஒரே நாள்ல இந்த நீலம் ஏறாது வீரா. லோகேஷ் தலைக்குள்ளே ரத்தம் கசிஞ்சது போன வாரம் வியாழனோ வெள்ளியோ. டேனியல் அவனைத் தள்ளறதுக்கு முன்னாடியே அந்தத் தலை அடிபட்டிருக்கு."

"டாக்டரும் அதைத்தான் சந்தேகப்படறாரு" என்றாள் பிரவீனா. "முன்னாடி எங்கியாவது விழுந்தாரான்னு வீட்டாரை மூணு தடவை கேட்டுட்டாரு. இல்லவே இல்லைன்றாங்க. பழைய ரத்தம் தண்ணி போற வழியை அடைச்சிருந்தா அதுக்கு வேற வைத்தியம். தெரியாம கை வெக்க அவரு யோசிக்கிறாரு."

ஆக, உண்மை தெரியாததால் இரண்டு பேர் சிக்கியிருந்தார்கள். ஒருவன் லாக்கப்பில், இன்னொருவன் கட்டிலில்.

"அப்ப முடிஞ்சுது கதை! ஸ்லைடைத் தூக்கிக்கினு ஸ்டேஷனுக்குப் போவோம்" என்று வீரபாகு எழுந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் தணிகாசலம் கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தச் சாயம் போட்டது யாரு?"

"பிரவீனா" என்றாள் சுகாசினி.

"குத்தவாளியோட அக்கா."

வீரபாகு ஸ்லைடைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வேற லேபுக்கு அனுப்பிப் பாருங்க, ரெண்டு நாள்ல வரட்டும், நானே கோர்ட்டுல சொல்றேன். ஆனா அஞ்சு மணிக்கு மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நீலப் புள்ளியைக் கூண்டுல ஏத்தி நிறுத்த முடியாது. முன்னாடியே விழுந்தாருன்னு சொல்ல ஒரு மனுஷனைக் கொண்டாங்க."

கம்பிக்குப் பின்னால் டேனியல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். யாரையும் பார்க்கவில்லை. தன் வலது கையையே விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி ஒன்றரை.

பிள்ளையார்பாளையத்துக்குள் பைக் திரும்பியதும் வீரபாகு வேகத்தைக் குறைத்தான். தெருப் பெயரைக் கேட்டபோதே இலேசாகத் தட்டியது. வீட்டு வாசலைப் பார்த்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஹைதராபாத் பார்ட்டியை அவன் கூட்டி வந்தது இதே வீட்டுக்குத்தான். லோகேஷ் என்ற பெயர் அவனுக்குத் தெரியாது. தறியில் உட்கார்ந்திருப்பவனிடம் யார் பெயர் கேட்கிறார்கள்? 'நெசவாளி பையன்' என்பதோடு அவன் தொழில் முடிந்துவிடும்.

"என்ன வீரா, வாயே திறக்கலை? உடம்பு சரியில்லையா?"

"பெரியம்மா ஞாபகம் வந்துடுச்சு மேடம்."

தர்மன் கதவைத் திறந்தார். அறுபது வயது, நெற்றியில் பளிச்சென்று திருநீறு, தெருவுக்கே நாட்டாமை என்று நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது. அவர் பார்வை சுகாசினியைத் தாண்டி வீரபாகுவிடம் வந்து, ஒரு கணம் நின்று, சட்டென்று விலகியது. வீரபாகு உத்தரத்தில் பல்லி தேடினான்.

"உக்காருங்கம்மா. தம்பி, நீங்களும் உக்காருங்க" என்றார், புதிதாகப் பார்ப்பவர் போல.

அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து ஒரு செவலை நாய் ஓடிவந்தது. சுகாசினியைப் பார்த்து ஒரு குரல் குரைத்தது. வீரபாகுவைப் பார்த்ததும் வாலைச் சுழற்றிக்கொண்டு வந்து அவன் கால்சட்டைப் பையை மோந்தது. அங்கேதான் பிஸ்கட் இருக்கும் என்று அதற்குத் தெரியும்.

சுகாசினி நாயைப் பார்த்தாள், பிறகு அந்தப் பையைப் பார்த்தாள்.

முன்கூடத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு குழித்தறி இருந்தது. நெய்கிறவன் காலைத் தொங்கவிடும் குழிக்குக் கருங்கல் விளிம்பு. தறிச் சட்டத்துக்கு மேலே, ஆள் உயரத்துக்கும் மேல், டிசைன் அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும் ஜக்கார்டு பெட்டி. அரக்கு நிறப் பாவு ஏறியிருந்தது. ஒரு முழம் அளவுக்கு நெய்த சேலையில் அன்னங்கள் வரிசையாக நீந்தின.

"போன வாரம் புதன்லருந்து லோகேஷ் என்னென்ன செஞ்சார்னு சொல்லுங்க ஐயா" என்றாள் சுகாசினி.

"இதுல சொல்ல என்னம்மா இருக்குது? புதன் சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் கதவைப் பூட்டிக்கினு குடும்பத்தோட வாலாஜாபாத் போயிட்டோம். என் தங்கச்சி வீட்டு விசேஷம். வியாழன் காலையில வந்தோம். வெள்ளிலருந்து ஞாயிறு வரைக்கும் தறிலதான் உக்காந்து இருந்தான், நல்லாத்தான் இருந்தான். திங்கக்கிழமை அந்த வெளித்தெருப் பையன் தள்ளிட்டான்."

"வியாழக்கிழமை?"

தர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வியாழன் அமாவாசைம்மா."

அவர் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. அமாவாசையன்று இந்தத் தெருவில் தறியை மிதிக்க மாட்டார்கள், அட்டை மாற்ற மாட்டார்கள், ஒரு இழை தொட மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் தெருக்கோடி வீட்டுக்காரர் ஒருவர் அமாவாசை மதியம் தறியில் உட்கார்ந்தார் என்று, தெரு மாரியம்மன் திருவிழாவில் அவருக்கு மாலை மரியாதை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னவர் தர்மன்தான். அந்தக் கோடிவீட்டுக்காரர் இன்றுவரை திருவிழா நாளில் வெளியூர் போய்விடுகிறார்.

"அன்னைக்கு யாரும் தறிகிட்டப் போகலை?"

"எங்க தாத்தா காலத்துலருந்து போனதில்லை. கதவைச் சாத்திக்கினு தூங்கினான் பையன்."

"தலைவலின்னு ஏதாவது சொன்னாரா? எங்கியாவது விழுந்தாரா?"

"இல்லைன்னு டாக்டருக்கே சொல்லிட்டேன்." அவர் எழுந்தார். "நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மருமக தனியா இருக்குது."

பைக்கை நிறுத்திய டீக்கடையில் சுகாசினி இரண்டு டீ சொன்னாள். தன் டம்ளரை மூன்று முறை ஊதினாள். நான்காவது முறை ஊதிவிட்டுக் கேட்டாள்.

"அந்த நாய் பேரென்ன?"

"டைகர்" என்றான் வீரபாகு. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். காலம் கடந்துவிட்டது.

"அவர் உன்னைத் தெரியாத மாதிரி நடிச்சார். நீ அவரைத் தெரியாத மாதிரி நடிச்சே. டைகர் ஒருத்தன்தான் உண்மை பேசினான். உன் காரணம் எனக்குத் தெரியும், உன் பெரியம்மா எத்தனை தடவைதான் சாவாங்க? அவரோட காரணம் என்ன? தறி காட்ட ஆள் கூட்டிட்டு வர்றவனைத் தெரியும்னு சொல்ல ஒரு வீட்டுக்காரர் ஏன் பயப்படணும்?"

வீரபாகுவுக்குக் காது சிவந்தது. டீயை மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க மேடம். வெள்ளிக்கெழமை இங்கதான் வந்தேன். காலையில ஏழேகாலுக்குப் பார்ட்டியைக் கூட்டிக்கினு வந்தேன். அதுக்கு முன்னாடி புதன் சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பாத்து, ஒரு போட்டோ புடிச்சுக்கினு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போனேன். அவ்ளோதான்."

"போட்டோவா?"

அந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்த விதத்தில் வீரபாகுவின் கை தானாகப் பைக்குள் போயிற்று.

புதன்கிழமை, மாலை ஆறு பத்து. தறியில் கிளிப்பச்சைப் பாவு. மாங்காய் போட்ட சேலை முடிந்து, முந்தியும் முடிந்து, அறுத்து எடுக்கிற நிலையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை, காலை ஏழு இருபது. ஹைதராபாத் குடும்பம் பல்லெல்லாம் தெரிய நிற்கிறது. பின்னால் அதே தறி. அரக்குப் பாவு. நாலு விரல் அகலத்துக்கு அன்னம் நெய்திருந்தது.

வீரபாகு இரண்டையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தான். பச்சை, அரக்கு. பச்சை, அரக்கு. டீக்கடையின் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"மேடம்... பச்சைப் பாவை எடுத்துட்டு அரக்கு ஏத்தணும்னா பழைய இழையோட புது இழையை ஒண்ணொண்ணா பிணைக்கணும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. கை தேர்ந்தவங்க ரெண்டு பேரு உக்காந்தாலும் ஒரு முழுப் பகல் வேணும். அதோட மேல ஏறி அட்டையையும் மாத்தணும். புதன் ராத்திரி வாலாஜாபாத்துல இருந்தாங்கன்னு அவரே சொல்லிட்டாரு. வியாழன் ராத்திரி மட்டும் பத்தாது. அப்ப வியாழன் பகல்லதான்..."

"அதுல சத்தம் வருமா?"

"வராது மேடம். நெய்ஞ்சாத்தான் டக்கு டக்குன்னு தெரு பூரா கேக்கும். பிணைக்கிறது ஊமை வேலை. கதவைச் சாத்திக்கினு செஞ்சா பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது."

"லோகேஷ் எங்கே?"

அவன் படத்தைப் பெரிதாக்கினான். ஹைதராபாத் மாமியாரின் தோளுக்குப் பின்னால், தறியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்க்காமல் குனிந்திருந்தான் லோகேஷ். தலையை இறுக்கி ஒரு துண்டு கட்டியிருந்தான்.

"அன்னைக்கு நான் என்ன நெனைச்சேன் தெரியுமா மேடம்? பார்ட்டி வருதுன்னு ஸ்டைலா தலப்பா கட்டியிருக்கான்னு நெனைச்சேன். தலவலிக்குக் கட்டியிருக்கான்! காலையிலருந்து வெண்ணெயைக் கையில வெச்சுக்கினு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்."

"வண்டியை எடு" என்றாள் சுகாசினி.

தர்மன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சுகாசினி வீரபாகுவின் போனை அவர் கையில் கொடுத்தாள். முதல் படம். அடுத்த படம். அவர் படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே இருந்த கிழமையைப் பார்த்தார். அப்படியே தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதை நான் போலீஸ்ல காட்டலாம் ஐயா" என்றாள் சுகாசினி. அவள் குரலில் வெற்றி இல்லை. "ஆனா அதுக்கு முன்னாடி டாக்டர் ஒருத்தர் அங்கே காத்துக்கிட்டு இருக்கார். உங்க பையன் எப்போ விழுந்தான்னு தெரிஞ்சா அவர் ஒரு முடிவு எடுப்பார். உங்களுக்கு எது பெருசுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

தர்மன் குழியின் கருங்கல் விளிம்பைக் கையால் தடவினார்.

"மூணு மணிக்கு" என்றார். "அமாவாசை மத்தியானம் மூணு மணிக்கு. அட்டையை மாட்ட முக்காலி மேல ஏறினான். வழுக்கிடுச்சு. பின்னந்தலை இந்தக் கல்லுல பட்டுது. ரத்தம் வரலம்மா. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தான். அப்புறம் எழுந்து ஒண்ணுமில்லப்பான்னு சிரிச்சான். சின்ன அடின்னுதான் நெனைச்சேன். சத்தியமா அந்தப் பையன் தள்ளினதுலதான் இப்படி ஆச்சுன்னு நம்பினேன். டாக்டர் கேட்டப்ப சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன நாளு, என்ன வேலைன்னு கேப்பாரு. பக்கத்துல தெரு ஆளுங்க நாலு பேரு நின்னுக்கினு இருந்தாங்க."

"உங்களுக்கு என்ன அவசரம்? ஒரு நாள் பொறுத்திருக்கலாமே?"

"புதன்கிழமை சாயங்காலம் ஒரு ஆளு வந்தான். வெள்ளிக்கிழமை காலையில ஹைதராபாத் கல்யாணக்காரங்க வராங்க, அரக்குல அன்னம் தறி மேல ஓடிக்கினு இருந்தாத்தான் உள்ள வருவாங்க, இல்லாட்டி அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவேன்னான்." தர்மன் தலை தூக்கி வீரபாகுவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "அவனைச் சொல்லி என்ன? அவன் சொன்னான். நான் செஞ்சேன்."

அந்த ஆள் வீரபாகுதான். சொன்னதுதான். அந்த மாலை மூன்று வீட்டில் அதையே சொன்னான். சும்மா, வாய்க்கு வந்த வாக்கு. ஹைதராபாத்காரர்கள் பச்சையானாலும் பார்த்திருப்பார்கள், மஞ்சளானாலும் பார்த்திருப்பார்கள். அவர்கள் அரக்கு என்று சொல்லவே இல்லை.

தர்மன் சுகாசினியின் போனை வாங்கி டாக்டரிடம் பேசினார். நாள், நேரம், கல் விளிம்பு என்று எல்லாம் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிர்வீட்டில் இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த இருவர் எழுந்து, "எங்கண்ணா கிளம்பிட்டீங்க?" என்றார்கள்.

அவர் நின்றார். ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"ஸ்டேஷனுக்கு. அமாவாசை அன்னைக்கு எங்க வீட்டுத் தறியில வேலை நடந்துச்சு. அதுலதான் பையன் விழுந்தான். கோடிவீட்டுக்காரர் வந்தா சொல்லுங்க, நான் அவரைப் பாக்க வருவேன்."

இராட்டை நின்றது. தர்மன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நாலு நாற்பதுக்குத் தணிகாசலம் தர்மனின் வாக்குமூலத்தை எழுதி முடித்து, டேனியலை வெளியே விட்டார். தர்மனும் டேனியலும் ஒருவரையொருவர் கடந்தபோது பெரியவர் நின்றார். பையனின் தோளைத் தொட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினார்.

டேனியல் நேராக வீரபாகுவிடம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, உங்க போட்டோ இல்லாட்டி நான் இன்னைக்கு ஜெயில்ல இருந்திருப்பேன்."

அந்த நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஜோக் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். வீரபாகு பிழைத்ததே வாயால்தான். இன்று அந்த வாய்க்கு ஜோக் வரவில்லை.

"தம்பி, நீ உள்ள போனதே என்னாலதான்" என்றான். அரக்கு, அன்னம், ஹைதராபாத் எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொட்டினான். ஒன்றையும் மறைக்கவில்லை.

டேனியல் கேட்டுக்கொண்டே தன் வலது கையைப் பார்த்தான்.

"எனக்கு அதெல்லாம் தெரியலைண்ணா. நான் தள்ளுனது நெசம்தானே? திங்கக்கிழமை ராத்திரி அவரு மயங்கிட்டாருன்னு கேட்டதுலருந்து இந்தக் கையால எனக்குச் சோறு உள்ள போகலை. ஒரு ஆளைக் கொன்னுட்டோமோன்னு. வேலை போனாப் போவுதுன்னுகூட இருந்துச்சு. இப்ப இந்தக் கை இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு. எனக்கு அது போதும்."

அவன் போய்விட்டான். வீரபாகு ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்தான். அந்தக் கையிலிருந்து இறங்கிய பாரம் எங்கே வந்து ஏறியிருக்கிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. சுகாசினியும் புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லா வழக்குக்கும் முடிவில் அவன்தான் குறிப்பெழுதுவான். நோட்டை எடுத்து நீட்டினாள்.

"எழுது. வழக்கு: லோகேஷ். ஆரம்பம் எங்கே?"

வீரபாகு பேனா மூடியைக் கழற்றினான். பிறகு எழுதினான்: 'புதன்கிழமை, மாலை ஆறு பத்து. வீரபாகுவின் வாயில்.'

சுகாசினி படித்தாள். அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை.

"பெரியம்மா?"

"திண்டிவனத்துல இருக்காங்க மேடம். நல்லாத்தான் இருக்காங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "வேலையை விட்டு நின்னுடட்டுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பிரவீனா. சுகாசினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, டாக்டர் உடனே குழாய் வெச்சு அடைச்சிருந்த தண்ணியை இறக்கிட்டாரு. இப்பதான் கண்ணு தொறந்தாரு அக்கா. பொண்டாட்டியை அடையாளம் தெரிஞ்சுது. முதல் வார்த்தை என்ன கேட்டாரு தெரியுமா? அன்னம் முடிஞ்சுதான்னு கேட்டாரு. ஹைதராபாத்காரங்க காத்துக்கினு இருப்பாங்களாம்."

வீரபாகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, நட்ட நடுப் படிக்கட்டில், போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதான். சுகாசினி அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்து வண்டிச் சாவியை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு விடு. அவங்க அரக்கு கேக்கவே இல்லைன்னு லோகேஷ்கிட்ட நீயே சொல்லு. சொல்லிட்டு வந்து, நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வேலைக்கு வா."